அரைப்பேர் வகுப்பு

2007ஆம் ஆண்டு, தைப்பொங்கல் முடிந்த அடுத்த புதன்கிழமை முதலாம் பாடவேளையில், அழகுமுத்து மாஸ்டர் கரும்பலகையில் ஒரு செங்கோண முக்கோணியை வரைந்தார். அதன் இரண்டு பக்கங்களில் இரண்டு சதுரங்களையும் வரைந்தார். மூன்றாவது சதுரத்துக்குச் சோக்கை எடுத்தபோது அதிபர் சிவசாமி வாசலில் வந்து நின்றார். கையில் சுற்றுநிருபம்.

"மாஸ்டர், ஒங்கள ஹட்டனுக்குக் கூப்புட்றாங்க. ரெண்டு கெழமதான்."

"என்னாத்துக்குங்க?"

"கணக்குப் பாடத்த கம்பியூட்டருல போடணுமாம். மலையகத்துல கணக்கு வாத்தியாருக்குத் தட்டுப்பாடாம். அதத் தீர்க்கப் போறாங்க."

"அப்ப இந்த வகுப்புக்கு யாருங்க கணக்கு எடுக்குறது?"

சிவசாமி சுற்றுநிருபத்தைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

"அது இதுல இல்ல" என்றார்.

வட்டகொடை ஸ்டேஷனுக்கு மேலே இருந்தது அந்தத் தோட்டப் பாடசாலை. அழகுமுத்து வருவதற்கு முன் அங்கே நாலு வருடம் கணித ஆசிரியர் இல்லை. கணக்குப் பாடவேளையில் பிள்ளைகள் பூந்தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். பூந்தோட்டம் பரிசு வாங்கியது. கணக்கில் ஒருவரும் சித்தியடையவில்லை.

இப்போது பதினோராம் தரத்தில் இருபத்தாறு பேர். டிசம்பரில் சாதாரணதரப் பரீட்சை. கணக்கில் தவறினால் உயர்தரம் இல்லை. உயர்தரம் இல்லாவிட்டால் கொழும்பில் துணிக்கடை, அல்லது யாரோ வீட்டுச் சமையலறை, அல்லது மலையில் தேயிலைக் கொழுந்து. இதை யாரும் அவர்களுக்குப் படிப்பிக்க வேண்டியிருக்கவில்லை.

பின்வரிசையில் நாகலெட்சுமி எழும்பினாள். வகுப்பில் யாருக்காவது சந்தேகம் வந்தால் அவள்தான் எழும்புவாள். மற்றவர்களுடைய சந்தேகத்துக்கும் அவள்தான்.

"சேர், மூணாவது சதுரத்த வரஞ்சிட்டுப் போங்க."

"ரெண்டு கெழமையில வந்து வரையிறேன் புள்ள. அழிச்சுறாதீங்க."

நிலையம் ஹட்டன் பசாருக்கு மேலே ஒரு பழைய துரை பங்களாவில் இருந்தது. அதன் பெயர் 'மலைநாட்டு இணையவழிக் கற்கைநெறி நோக்க வடிவமைப்பு நிலையம்'. அதை மூன்று மொழியிலும் எழுதியதில் பலகை வராந்தாவைத் தாண்டிப் பின்னாலிருந்த மாட்டுக் கொட்டகை வரை போயிருந்தது. கொட்டகைக்கு ஆங்கிலப் பகுதி கிடைத்தது.

பணிப்பாளர் செல்வரத்தினம் யாழ்ப்பாணத்தவர். கழுத்துப்பட்டி கட்டி, அதற்கு மேல் குளிருக்கு மப்ளரும் கட்டியிருந்தார். புதிதாக வந்தவர்களுக்கு அவர் வரவேற்புரை ஆற்றினார்.

"நிலையம் தொடங்கி மூண்டு வருசம். இதுவரைக்கும் ஒரு பாடமும் வெளியிடேல்லை. ஏன் தெரியுமோ? தரத்தில நாங்கள் விட்டுக்குடுக்கிறேல்லை. மற்ற இடங்களில அவசரப்பட்டுப் படிப்பிச்சுப் போடுகினம். பிள்ளையள் சித்தியடைஞ்சும் போடுதுகள். என்ன நோக்கத்துக்காகச் சித்தியடைஞ்சதுகள் எண்டு கேட்டால் ஒருத்தருக்கும் தெரியாது. அது கல்வி இல்லை, விபத்து. முதலில நோக்கம். தெளிவான நோக்கம். பிறகுதான் பாடம். பிள்ளை கடைசியில. விளங்குதோ?"

"வெளங்குதுங்க சேர்" என்றார் அழகுமுத்து.

பணிப்பாளர் கண்ணாடியைக் கழற்றினார்.

"தம்பி புதுசு. அந்தச் சொல்லை இங்க பாவிக்கிறேல்லை."

"எந்தச் சொல்லுங்க?"

பணிப்பாளர் சுவரைக் காட்டினார். ஒரு பெரிய தாள் ஒட்டியிருந்தது. தலைப்பு: தடைசெய்யப்பட்ட வினைகள். கீழே விளங்குதல், அறிதல், உணர்தல், ரசித்தல்.

"இதுகளை அளக்க ஏலாது. ஒரு பிள்ளைக்கு விளங்கினது எண்டு நீர் எப்பிடிக் கண்டீர்? தலையைத் திறந்து பாத்தீரோ?"

"மொகத்துல தெரியுங்க சேர்."

"முகம் ஒரு சான்று இல்லை" என்றார் பணிப்பாளர்.

செயலாளர் அதைக் குறித்துக்கொண்டார். மறுநாள் அது அச்சாகிச் சுவரில் இருந்தது.

கூட்டம் முடியும்போது எல்லோரும் எழுந்து நின்று அந்தக் கூட்டத்தின் நோக்கங்களைப் பட்டியலிட்டார்கள். கூட்டத்தின் நோக்கம், கூட்டத்தின் நோக்கங்களைப் பட்டியலிடுவது. ஆகவே நோக்கம் நூறு வீதம் நிறைவேறியது. கைதட்டினார்கள். அழகுமுத்துவும் தட்டினார். தேநீர் நன்றாக இருந்தது.

அழகுமுத்துவுக்குக் கொடுத்த பாடம் பைதகரஸ் தேற்றம். அவருக்குச் சந்தோஷம். பாதி ஏற்கெனவே கரும்பலகையில் இருக்கிறது. முதல்நாளே நோக்கத்தை எழுதிக்கொண்டு பரிசோதகர் சிவகௌரியிடம் போனார். சிவகௌரி வினைச்சொல் பரிசோதகர். அவருடைய அனுமதி இல்லாமல் எந்த வினையும் பாடத்துக்குள் போக முடியாது. இளம் பெண். சிவப்புப் பேனாவைக் கூந்தலில் செருகியிருந்தார்.

'மாணவர் பைதகரஸ் தேற்றத்தை விளங்கிக்கொள்வர்' என்று எழுதியிருந்தது.

"மாஸ்டர், இது நோக்கம் இல்லை. இது ஆசை."

"சரிங்க மிஸ். மாத்திர்றேன்."

"பிள்ளை என்ன செய்யும்? கண்ணால காணக்கூடியமாதிரிச் சொல்லுங்கோ."

"கணக்குச் செய்யுங்க."

"எந்த நிலைமையில?"

"கணக்குக் குடுத்தா."

"எந்த அளவுக்கு?"

"சரி வர்ற அளவுக்கு."

சிவகௌரி அவரை இரக்கத்தோடு பார்த்தார். பிறகு சிவப்புப் பேனாவை எடுத்தார்.

இரண்டு கிழமை போயிற்று. மாசி போயிற்று. நோக்கம் திருந்திக்கொண்டே இருந்தது. தேற்றத்தை யாரும் கண்ணால் கண்டதில்லை என்பதால் ஒரு திருத்தத்தில் தேற்றம் நீங்கியது. பைதகரஸ் இறந்துவிட்டார், எனவே அவர் பங்குபற்றுநர் அல்லர் என்பதால் அடுத்த திருத்தத்தில் அவரும் நீங்கினார். பக்கங்களின் வர்க்கம் என்பது ஒரே நோக்கத்துக்குள் இரண்டு நோக்கம் போலத் தெரிந்தது. அதையும் எடுத்தார்கள். பங்குனி நடுவில் எஞ்சியது இது:

'மின்சாரமும் இணைய இணைப்பும் உள்ள நிலைமையில், கதிரையில் நேராக அமர்ந்திருக்கும் தரம் பதினொன்று மாணவர், திரையில் தோன்றும் ஒரு முக்கோணியை, ஐந்து தடவையில் நான்கு தடவை, கணினிச் சுட்டியால் அழுத்துவர்.'

"இப்ப வடிவாயிருக்கு" என்றார் சிவகௌரி. உண்மையாகவே அவருக்குச் சந்தோஷம்.

"அழுத்துனா கணக்கு வந்திருமா மிஸ்?"

"அது அடுத்த பாடத்தின்ர நோக்கம்."

"அப்ப நான் இஸ்கூலுக்குப் போகலாங்களா? ரெண்டு கெழமன்னுதான் சொன்னாங்க."

சிவகௌரி பேனாவை மூடினார்.

"நானும் ரெண்டு கிழமைக்குத்தான் வந்தனான் மாஸ்டர். பொகவந்தலாவையில இரசாயனம் படிப்பிச்சுக்கொண்டிருந்தனான்."

"எப்பங்க?"

"நிலையம் தொடங்கேக்க."

அன்றைக்கு மத்தியானம் சாப்பாட்டு மேசையில் அழகுமுத்து சுற்றிப் பார்த்தார். எதிரே நோட்டன் பிரிட்ஜிலிருந்து வந்த பௌதிக ஆசிரியர். பக்கத்தில் இரண்டு கணித ஆசிரியர்கள். ஜன்னலோரம் உயிரியல். மலையகத்தில் தட்டுப்பாடான ஆசிரியர் அனைவரும் தட்டுப்பாட்டைத் தீர்ப்பதற்காக அங்கே இருந்தார்கள். சம்பல் உறைப்பு என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

நோக்கம் முதலாம் கட்டம்தான் தாண்டியிருந்தது. இன்னும் மதிப்பீட்டுக் கட்டம் இருந்தது. அது தாண்டிப் பாடம் வெளியானால்தான் விடுவிப்பு.

தினமும் காலையில் வட்டகொடையில் ரயில் ஏறுவார். ஸ்டேஷனைத் தாண்டியதும் ஒரு வளைவு. ரயில் அங்கே முழங்காலில் நடப்பதுபோல் போகும். வளைவின் இடப்பக்க மேட்டில் பாடசாலை. பதினோராம் தரத்தின் ஜன்னல் தண்டவாளத்தைப் பார்த்தபடி இருக்கும்.

ஒருநாள் அந்த ஜன்னலில் நாகலெட்சுமி ஒரு காகித மட்டையைத் தூக்கிப் பிடித்தாள். பெரிய எழுத்தில் எழுதியிருந்தது: மூணாவது சதுரம்?

அழகுமுத்து ஹட்டன் வரைக்கும் தலையைக் குனிந்துகொண்டு போனார். மாலையில் பசாரில் ஒரு மட்டை வாங்கினார். மறுநாள் காலை ரயில் வாசலில் நின்று அதைப் பிடித்தார். அதில் முக்கோணி இருந்தது, மூன்று சதுரமும் இருந்தது. ஜன்னலில் இருபத்தாறு தலை. ஆ என்று ஒரு சத்தம் வந்தது. அவருக்கு அந்தச் சத்தம் தெரியும். அளக்க முடியாத சத்தம்.

அதன்பிறகு காலைக்கு ஒரு மட்டை. ஒரு மட்டைக்கு ஒரு படி. மாலை ரயிலில் அவர் திரும்பும்போது மேட்டில் நின்று பிள்ளைகள் விடையைத் தூக்கிப் பிடிப்பார்கள். பிழையென்றால் கையை ஆட்டுவார். சரியென்றால் தொப்பியைக் கழற்றுவார். ரயிலில் வருகிறவர்கள் பழகிவிட்டார்கள். அரசாங்கக் கந்தோருக்கு வேலைக்குப் போகும் ஒரு சிங்களப் பெரியவர் மட்டையின் மறுமுனையைப் பிடித்துக்கொள்வார். மழையென்றால் குடையும் பிடிப்பார். சித்திரை விடுமுறைக்கு முன் வகுப்பு பைதகரஸைத் தாண்டி இருபடிச் சமன்பாட்டுக்குப் போய்விட்டது.

ஆகவே விசாரணை வந்தது.

"அனுமதி பெறாத தொலைக்கல்வி" என்றார் பணிப்பாளர். "ஓடுற ரயிலில இருந்து! அதுக்கு நோக்கம் எழுதினீரோ?"

"ஜன்னல்ல புள்ளைங்க கேட்டாங்க சேர். சொன்னேன்."

"அவை கேட்டால்? பிள்ளை கேக்கிறதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தால் அதுக்குப் பேர் என்ன? எங்கட வடிவமைப்பில பிள்ளை கேக்கிறதுக்கு இடமே இல்லை. அவ்வளவு தெளிவான வடிவமைப்பு."

"டிசம்பர்ல பரீட்சைங்க."

"அது பிள்ளையின்ர நோக்கம். பாடத்தின்ர நோக்கம் என்ன?"

பணிப்பாளர் கெட்டவர் அல்லர். ரயிலை நிறுத்தவில்லை. இனிமேல் வலப்பக்க ஜன்னலில் அமரவேண்டும் என்று மட்டும் எழுத்தில் கட்டளை கொடுத்தார். சிவகௌரி அந்தக் கட்டளையின் வினையைப் பரிசோதித்து 'அமர்வார்' என்று திருத்தினார்.

மறுநாள் அழகுமுத்து வலப்பக்கம் அமர்ந்தார். அந்தப் பக்கம் தேயிலை. தேயிலை ஒன்றும் கேட்கவில்லை.

மதிப்பீட்டுக் கூட்டம் வைகாசியில் நடந்தது. கேள்வி இதுதான்: மாணவர் பாடத்தைக் கற்றார் என்பதை எப்படி அளப்பது? பரீட்சை வைக்கலாம் என்று பௌதிக ஆசிரியர் சொன்னார். பரீட்சை என்றால் கேள்விகளுக்கு நோக்கம் வேண்டும், நோக்கத்துக்கு வினை வேண்டும், மீண்டும் முதலாம் கட்டம் என்றார்கள். பௌதிக ஆசிரியர் அமர்ந்தார். நெருப்படுப்பில் விறகு போட்டார்கள். இரண்டாம் தேநீரும் வந்துபோயிற்று.

அழகுமுத்து அன்று காலை இடப்பக்கம் திரும்பாமல் வந்தவர். முதுகுக்குப் பின்னால் இருபத்தாறு பேர் ஜன்னலில் நின்றது தெரியும். திடீரென்று எழும்பினார்.

"கொழுந்து நிறுக்குற எடத்துல இந்தப் பிரச்சினையே இல்லைங்களே சேர்! எங்கம்மா வீரம்மா ஆயுசு பூரா கொழுந்து எடுத்தாங்க. சொன்ன கிலோ எடுத்தா ஒரு பேரு. கொறஞ்சா அரைப்பேரு. முழுநாள் மலையில நின்னாலும் அரைநாள் சம்பளம். காய்ச்சலா, மழையா, மலையில கொழுந்து இல்லையா, ஒண்ணையும் நிறுக்குற கண்டாக்கையா கேக்க மாட்டாரு. தராசப் பாப்பாரு, போட்ருவாரு. அந்தமாதிரி நீங்களும் போட்ருங்களேன்! பாதி அழுத்துன புள்ளைக்கு அரைப்பேரு!"

கோபத்தில்தான் சொன்னார். கோபத்தை அளக்கக் கருவி இல்லாததால் யாரும் அதைக் குறித்துக்கொள்ளவில்லை.

பணிப்பாளர் மெதுவாக எழுந்தார். மப்ளர் கீழே விழுந்தது. எடுக்கவில்லை.

"மூண்டு வருசம்" என்றார். "மூண்டு வருசமாய் வெளிநாட்டுப் புத்தகங்களில தேடினம். அது இந்த மண்ணில, எங்கட காலடியில கிடந்திருக்கு. தம்பி, நீர் மேதை."

"சேர், நான் சும்மா..."

"சும்மா சொன்னதுதான் மேதைமை!"

பாடம் அந்தக் கிழமையே அங்கீகாரம் பெற்றது. கொழும்பிலிருந்து ஒரு விருந்தினர் வந்தார். குத்துவிளக்கு ஏற்றினார்கள். சுட்டிக்குச் சாமந்தி மாலை போட்டார்கள். மாலையின் பாரத்தில் சுட்டி தானாகவே அழுந்திப் பாடம் அரை நிமிடம் முன்கூட்டியே உலகுக்கு வெளியானது. விருந்தினர் வெறுங்கையை மேசையில் வைத்தார். படம் எடுத்தார்கள்.

"இனி நான் போகலாங்களா சேர்?"

"உம்மட வகுப்பிலதான் முதல் பரிசோதனை. அந்தப் பெறுபேறு வரட்டும். வந்த அண்டைக்கே விடுவிப்பு."

அன்று மாலை அழகுமுத்து ரயில் வாசலில், பாடசாலைப் பக்கம், கையை வீசிக்கொண்டே போனார்.

பாடசாலையில் கணினி ஒன்று இருந்தது. அதிபரின் அறையில் பூப்போட்ட துணி போர்த்தி, சரஸ்வதி பூசைக்கு வைத்த சந்தனப் பொட்டோடு இருந்தது. பொட்டு அழிந்துவிடும் என்று யாரும் அதை இயக்கியதில்லை. எப்படியும் இணைப்பு இல்லை. ஆகவே சனிக்கிழமை இருபத்தாறு பேரும் தலவாக்கலைக்கு நடந்தார்கள். அங்கே ஒரு கொமினிகேஷன் கடையில் இணையம் இருந்தது. முதலாளி மூக்கன் நல்ல மனிதர். பிள்ளைகளை வரிசையாக நிற்க வைத்தார். வெளியே டெலிபோன் பேச வந்தவர்களையும் அதே வரிசையில் நிற்க வைத்தார்.

மத்தியானம், பரிசோதனைக்காகத் திறந்திருந்த நிலையத்துக்குத் தொலைபேசி வந்தது. அழகுமுத்து எடுத்தார்.

"சேர், நாகலெட்சுமி பேசுறேன். பாடம் பாதியில நின்னுருச்சு."

"என்னா புள்ள வருது?"

"முக்கோணி வந்திச்சு, அழுத்துனோம். பெறகு முக்கோணி, அழுத்துனோம். இப்ப பணிப்பாளர் சேரு வந்திருக்காரு."

"அங்கயா?"

"கம்பியூட்டருல சேர். நோக்கத்தப் பத்திப் பேசுற படம். வாயத் தொறந்தாரு, அப்புடியே நிக்கிறாரு. மூட மாட்டேங்கிறாரு. பக்கத்துல ஒரு சக்கரம் சுத்துது."

"அடுத்ததுன்னு ஒண்ணு இருக்குமே, அத அழுத்து."

"அழுத்தியாச்சு சேர். அவரு பேசி முடிச்சாத்தான் அடுத்தது வருமாம். மூக்கண்ணே தட்டிக்கூடப் பாத்துட்டாரு."

"யாருக்கு அப்புடி வருது?"

"எல்லாருக்குந்தான். ஒவ்வொருத்தருக்கா ஒக்காந்து பாத்துட்டோம். அந்த வாய் வந்தோன எழும்பிர்றோம்."

திங்கட்கிழமை பெறுபேறு அச்சாகி வந்தது. வகுப்பில் அனைவரும் சரியாகப் பாதியில். இருபத்தாறு அரைப்பேர். கூட்டினால் பதின்மூன்று.

"வகுப்பில பதின்மூண்டு மாணவர்" என்று பணிப்பாளர் வாசித்தார்.

"இருவத்தாறுங்க சேர்."

"இருபத்தாறு அரை."

"இருவத்தாறு பேரும் உசுரோட இருக்காங்க சேர். நான் காலையிலகூடப் பாத்தேன்."

"அது உடம்பு தம்பி. நாங்கள் கற்றலை எண்ணுறம்."

"படம் ஏறலைங்க சேர். ஒங்க படந்தான் வாயத் தொறந்துக்கிட்டு..."

பணிப்பாளர் கையை உயர்த்தினார். "காய்ச்சலோ, மழையோ, மலையில கொழுந்து இல்லையோ, ஒண்டையும் கேக்கிறேல்லை. தராசைத்தான் பாக்கிறது. இது ஆர் சொன்னது?"



பிறகு பணிப்பாளர் விடுவிப்பு விதியை எடுத்து வாசித்தார். பதினைந்து மாணவருக்குக் குறைந்த வகுப்புக்கு நிலையம் கணித ஆசிரியரை விடுவிக்காது. அப்படிப்பட்ட வகுப்புக்கு இணையவழிப் பாடமே போதும். பாடம் இருக்கிறது. ஆகவே அழகுமுத்து அந்தப் பாடசாலைக்கு மேலதிகம். மேலதிக ஆசிரியரை நிலையம் தயவோடு உள்வாங்கிக்கொள்ளும். பதவி: அரைப்பேர் மதிப்பீட்டு இணைப்பாளர். நிரந்தரம்.

எல்லோரும் கைதட்டினார்கள். சிவகௌரி தன்னுடைய சிவப்புப் பேனாக்களில் ஒன்றை அவருக்குக் கொடுத்தார்.

"கவலைப்படாதையுங்கோ மாஸ்டர். முதல் வருசம்தான் கஷ்டம்."

"பெறகு மிஸ்?"

"பிறகு கரும்பலகையைக் கண்டால்தான் ஒருமாதிரி இருக்கும்."

ஆனி மாதம் பரீட்சை விண்ணப்பம் அனுப்பும் காலம். பாடசாலையில் புதிய எண்ணிக்கையை நடைமுறைப்படுத்த நிலையத்தின் வேன் மேட்டில் ஏறியது. பாதி வழியில் ஏறமாட்டாமல் நின்றது. பிள்ளைகள் இறங்கி வந்து தள்ளினார்கள். பணிப்பாளர் உள்ளே இருந்தபடி அவர்களுக்கு நன்றி சொன்னார். இணைப்பாளர் அழகுமுத்து இறங்கித் தானும் தள்ளினார். அவருக்குப் பக்கத்தில் நாகலெட்சுமி தள்ளினாள்.

"வந்துட்டீங்களா சேர்?" என்றாள்.

"தள்ளு புள்ள" என்றார் அவர்.

அதிபர் சிவசாமி மாலையோடு நின்றார். பிள்ளைகளை, தோட்டத்தில் வேலை பிரிக்கும் காலைப் பெரட்டுக்கு ஆள் நிறுத்துவதுபோல முற்றத்தில் வரிசையாக நிறுத்தினார்கள். பிறகு பணிப்பாளரின் சொற்படி இரண்டு இரண்டு பேராக நிறுத்தினார்கள். நாகலெட்சுமிக்குப் பக்கத்தில் ரோகினி வந்தாள். ரோகினிக்குக் கூச்சம். நாகலெட்சுமியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பணிப்பாளர் பேசினார்.

"அன்பான மாணவச் செல்வங்களே. இந்த வகுப்பில இருபத்தாறு பேர் இருக்கினம் எண்டு இவ்வளவு காலமும் ஒரு பிழையான கருத்து இருந்திருக்கு. நிலையம் அதைத் திருத்தியிருக்கு. நீங்கள் பதின்மூண்டு பேர். இதுக்காக ஒருத்தரும் வெக்கப்படத் தேவையில்லை. நீங்கள் ஒவ்வொருத்தரும் ஒரு முழு அரை. இண்டைக்கு இந்த நாட்டில தான் எவ்வளவு கற்றனான் எண்டு துல்லியமாய்த் தெரிஞ்ச பிள்ளையள் நீங்கள் மட்டும்தான். உங்களுக்குக் கணக்குத் தெரியுமோ எண்டு என்னைக் கேட்டால் எனக்குத் தெரியாது. அது எங்கட நோக்கத்தில இல்லை. ஆனால் அளவு தெரியும்."

தலையில் முக்காடிட்டு வேலி ஓரம் நின்ற தாய்மார் கைதட்டினார்கள். மாலைக் கொழுந்து நிறுவைக்கு நேரமாகியிருந்தது. இரண்டு பேர் கூடையைத் தலைக்கு மாட்டினார்கள்.

அழகுமுத்துவின் கையில் விண்ணப்பங்கள் இருந்தன. பதின்மூன்று. ஒரு சோடிக்கு ஒன்றாக அவரே கொடுக்கவேண்டும், அதுதான் இணைப்பாளரின் முதற் கடமை. அவர் முதல் சோடிக்கு முன்னால் போய் நின்றார். கொடுக்கவில்லை. அங்கேயே நின்றார்.

சிவசாமி மெல்லப் பணிப்பாளரின் காதருகே குனிந்தார்.

"சேர், பேரு எழுதுற எடத்துல எப்புடிங்க?"

"ரெண்டு பேரையும் எழுதலாம். கூட்டுக் கற்றலுக்கு நாங்கள் எதிர் இல்லை."

"பரீட்சை மண்டபத்துல ஒரு கதிரதான் போடுவாங்க சேர்."

"அது அவையின்ர வடிவமைப்புக் குறைபாடு" என்றார் பணிப்பாளர். பிறகு பிள்ளைகளைப் பார்த்துப் புன்னகைத்தார். "ஏதும் கேள்வி இருக்கோ? விளங்கேல்லை எண்டு ஒருத்தரும் சொல்லக் கூடாது. அளக்கக்கூடிய கேள்வியாய் இருக்கவேணும்."

கீழே வளைவில் ஹட்டனிலிருந்து வரும் மாலை ரயில் ஊர்ந்துகொண்டிருந்தது. அதன் வாசலில் அந்தச் சிங்களப் பெரியவர் நின்று மேட்டைப் பார்த்தார். கையில் ஒன்றுமில்லை.

நாகலெட்சுமி கையை உயர்த்தினாள். ரோகினியின் கையும் அதோடு சேர்ந்து உயர்ந்தது. அவள் பணிப்பாளரைப் பார்க்கவில்லை. அழகுமுத்து மாஸ்டரைப் பார்த்தாள்.

"எங்க ரெண்டு பேருல பரீட்சைக்கு யாருங்க சேர் போறது?"